என்னைத் தையல் மிஷினிடமிருந்து காப்பாற்றியவர்கள்

தமிழ்நாட்டில் ஆரணி இரண்டு. பட்டுக்கும் அரிசிக்கும் பேர்போன ஆரணி திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிறது. அதற்குக் கோட்டை உண்டு, கோட்டை மைதானம் உண்டு, அதன் பெயரில் ஒரு நாடாளுமன்றத் தொகுதியே உண்டு. மற்றொன்று நாங்கள். புதுவாயலிலிருந்து பெரியபாளையம் போகும் சாலையில், ஆரணியாற்றை ஒட்டிய பேரூராட்சி. எங்களிடம் கோட்டை கிடையாது. ஆறு இருக்கிறது. அதிலும் தண்ணீர் வேண்டும்போது வராது, வந்தால் போதும் போதும் என்று கும்பிடுகிற அளவுக்கு வரும். வெளியூரில் போய் 'ஆரணி' என்று வாயெடுத்தால் 'பட்டு என்ன விலை?' என்றுதான் கேட்பார்கள். 'அந்த ஆரணி இல்லைங்க' என்று சொல்லியே எங்கள் ஜனங்களுக்குப் பாதி ஆயுசு போய்விட்டது.

இரண்டு ஆரணிக்கும் இடையே நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். அந்தத் தூரத்துக்கு 263 ரூபாய் 14 பைசா விலை என்பதைச் சமீபத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

என் தங்கை மகள் தையல் பழகி முடித்தாள். புது மிஷின் வாங்கக் கையில் காசில்லை. பழசு ஒன்று கிடைத்தால் போதும், காலால் மிதிக்கிற மிஷினாக இருந்தால் கரண்ட் போனாலும் கவலையில்லை என்றாள். ஆளுக்கு ஆள் பழைய பொருளை விற்றுக்கொள்ளும் ஒரு செயலியில் தேடினோம். பெயர் வேண்டாம், பெயர் சொன்னால் அதுவும் அவர்களுக்கு இலவச விளம்பரம், அவர்களோ இலவசத்தை ஒத்துக்கொள்ளாதவர்கள். 'ஆரணி, 3 கி.மீ.' என்று போட்டு ஒரு மிஷின் வந்தது. மர மேஜை, இரும்புக் கால், கொஞ்சம் தேய்ந்த பெல்ட். விலை 3,500. விற்பவர் கடைக்காரர் அல்ல, வீட்டுக்காரர். மகள் கல்யாணமாகிப் போனதால் விற்கிறாராம். 'விற்பவருக்குக் கட்டணம் அறவே இல்லை' என்று மேலே பச்சை எழுத்தில் மின்னியது.

பணம் கட்டும் இடத்துக்கு வந்ததும் அந்தப் பச்சை எழுத்துக்கு அர்த்தம் புரிந்தது. வாங்குபவர் பாதுகாப்புக் கட்டணம் 175. மேடைக் கட்டணம் 19. பரிவர்த்தனையைக் கையாளும் கட்டணம் 29. இந்த மூன்றுக்கும் சேர்த்து 18 சதவீதம் ஜிஎஸ்டி, 40 ரூபாய் 14 பைசா. ஆக மொத்தம் 3,763 ரூபாய் 14 பைசா.

அந்த 14 பைசாவை நினைத்து நினைத்துப் பூரித்துப்போனேன். பத்துப் பைசாவைக் கையால் தொட்டு எத்தனை வருஷம்! எங்கள் தெருவில் ஐம்பது பைசாவைக் கொடுத்தால் பிச்சைக்காரர் திருப்பிக் கொடுத்துவிட்டு ஆசீர்வதிக்கிறார். இவர்கள் 14 பைசாவையும் விடாமல் எண்ணி வாங்குகிறார்கள் என்றால் எவ்வளவு நாணயமான ஆட்களாக இருக்க வேண்டும்.

மேடைக் கட்டணத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். நான் எந்த மேடையில் ஏறினேன்? பொன்னேரி ரயில் நிலையத்தில் பிளாட்பாரம் டிக்கெட் 10 ரூபாய். அதற்கு நிற்க ஒரு இடம், மேலே ஒரு கூரை, உட்கார சிமெண்டுப் பெஞ்சு, போகிற வருகிற ரயிலைப் பார்த்துக்கொண்டிருக்கும் சுகம் எல்லாம் உண்டு. இங்கே 19 ரூபாய்க்கு என் சொந்த வீட்டுத் திண்ணையில், என் சொந்தப் போனில், நான் காசு போட்டு வாங்கிய டேட்டாவில் உட்கார்ந்திருக்கிறேன். மேடை என்னுடையது. கட்டணம் அவர்களுடையது.

சரி, பாதுகாப்பு என்கிறார்களே, கட்டித் தொலைப்போம் என்று கட்டினேன்.

கட்டிய பிறகு விற்பவரோடு பேசச் சின்னதாக ஒரு ஜன்னல் திறந்தது. 'ஐயா, போன் நம்பர் கொடுங்க, நேர்ல வந்து எடுத்துக்கிறேன்' என்றேன். அவர் அனுப்பியது பத்து நட்சத்திரங்களாக வந்தது. கெட்டிக்கார மனிதர், 'ஒன்பது எட்டு' என்று எழுத்தில் அடித்தார். அதுவும் நட்சத்திரம். பாதுகாப்புக் காரணங்களுக்காகத் தொடர்பு எண்கள் மறைக்கப்படுகின்றன என்று கீழே ஒரு வரி. எந்தப் பக்கம் வீடு என்று கேட்டேன். 'பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கம்' என்றார். எங்களுக்கும் பஸ் நிற்கிறது. பின்கோடு போடுங்கள் என்றேன். போட்டார். ஆறு நட்சத்திரங்கள். எங்கள் பின்கோடு 60-இல் தொடங்கும், அவருடையது 63-இல். அந்த முதல் இரண்டு எண்ணை மட்டும் காட்டியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். 'ஐயோ, நீங்க அந்த ஆரணியா' என்று இரண்டு பேரும் சிரித்துவிட்டுப் போயிருப்போம். ஆனால் எங்கள் பாதுகாப்பு என்ன ஆவது?

கடைசியில் அவர், 'கோட்டை மைதானத்துக்கு வந்துட்டு கேளுங்க, யாரும் சொல்வாங்க' என்று எழுதினார். கோட்டை என்ற சொல்லில் எண் எதுவும் இல்லாததால் அது மட்டும் தப்பித்து வந்துவிட்டது. நான் அப்போதும் விழிக்கவில்லை. தங்கை மகள்தான் எட்டிப் பார்த்துவிட்டு, 'மாமா, நம்மூர்ல கோட்டை எங்க இருக்கு?' என்றாள்.

ரத்து செய்தேன். 3,500 திரும்பி வந்தது. மீதி வரவில்லை. கேட்டேன். மனிதக் குரல் இல்லை, ஒரு பெட்டி. உங்கள் பாதுகாப்பே எங்கள் முன்னுரிமை என்று ஆரம்பித்துப் பதில் சொன்னது. பாதுகாப்புச் சேவை ஏற்கெனவே வழங்கப்பட்டுவிட்டதால் அந்தக் கட்டணத்தைத் திருப்பித் தர இயலாதாம்.

வழங்கப்பட்டுவிட்டதா? எதிலிருந்து? யாரும் என்னை ஏமாற்றவில்லை. விற்பவர் பொய் சொல்லவில்லை. மிஷின் இருந்த இடத்திலேயே இருக்கிறது. மூன்று நாள் யோசித்த பிறகுதான் விளங்கியது. என்னை அந்தத் தையல் மிஷினிடமிருந்து காப்பாற்றியிருக்கிறார்கள்.

பெரியபாளையத்துப் பவானி அம்மனுக்கும் நாங்கள் கட்டணம் கட்டுகிறோம், இல்லை என்று சொல்லவில்லை. ஆடி மாதம் பிறந்தால் பாருங்கள், வேப்பஞ்சேலை கட்டிக்கொண்டு ஜனம் சாலையை அடைத்துக்கொண்டு வரும். ஆனால் அவள் கணக்கு வேறு. முதலில் காப்பாற்றுவாள். அம்மை இறங்கும், பிள்ளை எழுந்து நடக்கும், பிறகுதான் வேப்பஞ்சேலையும் பொங்கலும். காப்பாற்றாத அம்மனுக்கு நேர்த்திக்கடன் செலுத்தியதாக இந்த வட்டாரத்தில் நான் கேள்விப்பட்டதில்லை. சர்வ வல்லமையுள்ளவளே காரியம் முடிந்த பிறகு வாங்கிக்கொள்ளும்போது, ஒரு போன் செயலிக்கு முன்பணம் கேட்கிறது.

இதை எழுத உட்கார்ந்ததும், இது என் ஒருவன் தலையெழுத்தா என்று பார்த்தேன். இல்லை, சீமையிலும் இதுதான். பிரிட்டனில் ஈபே என்கிற பெரிய சந்தை, 2024 அக்டோபரில், வீட்டுப் பொருளை விற்கும் தனியாட்களிடம் இனி விற்பனைக் கட்டணம் வாங்க மாட்டோம் என்று அறிவித்தது. ஜனங்கள் சந்தோஷப்பட்டார்கள். நான்கே மாதம். 2025 பிப்ரவரியில் அதே தனியாட்களிடம் வாங்குகிறவர்களுக்கு 'வாங்குபவர் பாதுகாப்புக் கட்டணம்' வந்தது. பொருளுக்கு 75 பென்ஸ், அதோடு 300 பவுண்டு வரையில் 4 சதவீதம். வலது பையிலிருந்து எடுத்தால்தானே திட்டுகிறீர்கள் என்று இடது பையில் கை விட்டார்கள். லிதுவேனியாவில் 2008-இல் பிறந்த விண்டட் என்கிற பழைய துணிச் சந்தையும் இந்த வித்தையில் தேர்ந்தது. அங்கேயும் விற்பவருக்கு இலவசம், வாங்குபவருக்குப் பாதுகாப்பு. இலவசம் இலவசம் என்று கூவிவிட்டுக் கட்டணத்தைச் சரியாகச் சொல்லவில்லை என்று இத்தாலியின் போட்டி ஆணையம் 2022-இல் அதற்கு 15 லட்சம் யூரோ அபராதம் போட்டது. போலந்தும் அதே ஆண்டு தன் பங்குக்கு ஒன்று போட்டது.

இதில் நம் ஆட்கள் யாருக்கும் இளைத்தவர்கள் அல்ல. அரசாங்கமே வழிகாட்டி. ரயில் டிக்கெட்டை நாமே போனில் எடுத்துக்கொள்கிறோம். கவுண்டரில் ஆள் வேண்டாம், டிக்கெட் அச்சடிக்கும் காகிதம் வேண்டாம், சில்லறைச் சண்டையும் இல்லை. இத்தனையும் மிச்சப்படுத்திக் கொடுத்ததற்கு நமக்கு வசதிக் கட்டணம். 2016 நவம்பரில் ஐந்நூறும் ஆயிரமும் செல்லாமல் போனபோது, மின்னணுப் பரிமாற்றத்துக்கு மாறுங்கள் என்று தாஜா செய்வதற்காக ஐஆர்சிடிசி அந்தக் கட்டணத்தை நிறுத்தியது. எல்லோரும் மாறினோம். 2019 செப்டம்பர் 1 முதல் அது திரும்பி வந்துவிட்டது. ஏசி இல்லாத வகுப்புக்கு 15 ரூபாய், ஏசிக்கு 30, அதன் மேல் ஜிஎஸ்டி. யாருடைய வசதி என்பதை 2021 அக்டோபரில் போட்டு உடைத்தார்கள். வசதிக் கட்டணத்தில் பாதியை எங்களுக்குக் கொடு என்று ரயில்வே அமைச்சகம் கேட்டது. மறுநாள் காலையில் அந்த நிறுவனத்தின் பங்கு சரிந்து விழுந்தது. அன்றே அமைச்சகம் உத்தரவை வாபஸ் வாங்கிக்கொண்டது. பங்குதாரர் முகம் சுளித்தால் ஒரே நாளில் உத்தரவு பறந்துபோகிறது. பயணி முகம் சுளித்தால் கேப்சாவில் எத்தனை டிராஃபிக் லைட் தெரிகிறது என்று கேட்கிறார்கள்.

சாப்பாட்டுச் செயலிகளைப் பாருங்கள். சொமேட்டோ 2023 ஆகஸ்டில் மேடைக் கட்டணம் என்று 2 ரூபாய் வைத்தது. இரண்டு ரூபாய்க்கு யார் சண்டை போடுவார்? 2025 செப்டம்பரில் அது 12. இரண்டு வருஷத்தில் ஆறு மடங்கு. எங்கள் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் காண்ட்ராக்ட் கூலி இந்த வேகத்தில் ஏறியிருந்தால் இரும்பு உருக்குகிற பையன்கள் காரில் வேலைக்கு வந்துகொண்டிருப்பார்கள். 2025 அக்டோபரில் ஓர் இணையக் கடையின் ரசீது ஊரெல்லாம் சுற்றியது. அதில் 'சலுகையைக் கையாளும் கட்டணம்' என்று ஒரு வரி இருந்தது. தள்ளுபடி கொடுத்தார்களாம், கொடுத்த களைப்புக்குக் காசாம். சாதம் போட்டுவிட்டுக் கரண்டி தூக்கிய கூலி கேட்கிற விருந்தை எந்தக் கல்யாணத்தில் பார்த்திருக்கிறோம்?

இடைத்தரகே கூடாது என்று சொல்கிற ஆள் இல்லை நான். இந்த மண்ணில் தரகு இல்லாமல் எது நடந்திருக்கிறது? எங்கள் ஆறு போய்ச் சேரும் பழவேற்காட்டில் டச்சுக்காரன் 1613-இல் கோட்டை கட்டியதே துணி வாங்கத்தான். நெசவாளிக்கும் வெள்ளைக்காரனுக்கும் நடுவில் துபாஷிகள் நின்றார்கள். தஸ்தூரி என்று ஒரு பங்கு எடுத்துக்கொண்டார்கள். வழக்கம் என்கிற பொருளில் வந்த சொல். எடுத்தது திருட்டாக இருந்தாலும் அதற்கு வழக்கம் என்று பெயர் வைத்தார்கள். பாதுகாப்பு என்று பெயர் வைக்கும் துணிச்சல் அந்தக் காலத்துத் துபாஷிக்கு வரவில்லை.

மாட்டுத் தரகரை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். தோள் துண்டை எடுத்து இருவர் கைமேலும் போட்டு, உள்ளே விரலைப் பிடித்தே விலை பேசி முடிப்பார். சுற்றி நிற்கிற எங்களுக்கு ஒன்றும் தெரியாது. முகத்தில் ஓடுகிற கோபத்தையும் சிரிப்பையும் வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். இரண்டு பக்கமும் தரகு வாங்குவார். யோக்கியர் என்று சொல்ல மாட்டேன். கிழட்டு மாட்டின் பல்லைக் காட்டி இரண்டாம் ஈத்து என்று சத்தியம் செய்வார். ஆனால் வீட்டுக்கு ஓட்டி வந்த மாடு உதைத்துப் பால் கறக்க விடாமல் போனால், மறுநாள் காலையில் அவர் வீட்டு வாசலில் போய் நின்று அவரையும் அவருடைய முன்னோரையும் விசாரிக்கலாம். அவருக்கு வாசல் இருந்தது. மனைவி இருந்தாள், 'இப்படியா ஊர்ப் பொல்லாப்பை வாங்கிட்டு வருவ' என்று அவரை உள்ளேயிருந்து திட்டுகிற சத்தம் நமக்கும் கேட்கும். அரை மனதோடாவது வந்து மாட்டை மாற்றித் தருவார், இல்லையென்றால் பாதித் தரகையாவது திருப்பித் தருவார். பிடித்துக் கேட்க அவர் தோளில் ஒரு துண்டு கிடந்தது.

அரசாங்கத்து ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்திலும் வாங்குபவரிடம்தான் கட்டணம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி நூற்றுக்கு ஒரு ரூபாய், அதுவும் வியாபாரியிடம், விளைவித்தவரிடம் அல்ல. அதற்குக் கிடங்கு, தராசு, ஏலம் போடுகிற ஆள், ஈரப்பதம் பார்க்கிற கருவி, குறைசொன்னால் கேட்க ஒரு கண்காணிப்பாளர் இவையெல்லாம் இருக்கின்றன. தராசு சரியாக இருக்கிறதா, கண்காணிப்பாளர் நாற்காலியில் இருக்கிறாரா என்பது வேறு விஷயம். நாற்காலியாவது இருக்கிறது. என்னிடம் ஏழரை சதவீதம் பிடுங்கியவர்களிடம் ஒரு தராசுத் தட்டுகூட இல்லை.

இன்னொரு கூத்து, இந்தக் கட்டணம் வாங்குபவன் கட்டுவது என்று ஊரே நம்புகிறது. கும்மிடிப்பூண்டிப் பக்கம் வந்து பாருங்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பிள்ளைகள் ஒரு ரூமில் ஆறு பேர், எட்டு பேர். காண்ட்ராக்ட் முடிந்தால் இரண்டு நாளில் ரூமைக் காலி செய்ய வேண்டும். ரயிலில் கட்டிலையும் டேபிள் ஃபேனையும் தூக்கிக்கொண்டு போக முடியுமா? விற்கப் பார்க்கிறான். ஃபேனுக்கு 600 போடுகிறான். வாங்க வருகிற நம்ம ஆளின் சட்டைப்பையில் இருப்பதும் அறுநூறுதான். செயலி அதன் மேல் 60 ரூபாய் போட்டுக் காட்டினால் அவன் என்ன செய்வான்? 'தம்பி, ஐந்நூத்து நாப்பதுக்குக் கொடு' என்பான். ரயிலுக்கு நேரமாகிவிட்டது, கொடுத்துவிடுகிறான். 60 ரூபாய் யார் பையிலிருந்து போனது? விற்பவருக்குக் கட்டணமே இல்லை என்ற பச்சை எழுத்துக்கு அடியில் நின்றுகொண்டு, அந்தப் பிள்ளைதான் கட்டினான். கட்டியது அவனுக்கே தெரியாது. வாங்குகிறவன் கஞ்சன் என்று திட்டிக்கொண்டே ரயில் ஏறுவான். வாங்கியவன், வடக்கத்தியான் விலையை ஏற்றிப் போடுகிறான் என்று திட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவான். இரண்டு ஏழைகள் ஒருவரையொருவர் சந்தேகப்பட்டுக்கொண்டு பிரிகிறார்கள். நடுவில் உட்கார்ந்து அறுபதை எண்ணியவனை இருவருமே திட்டவில்லை. அவனுக்குத்தான் முகமே இல்லையே.

முகம் எப்போது வரும், எப்போது மறையும் என்பதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 2004-இல் பாஸி டாட் காம் என்றொரு இந்தியச் சந்தைத் தளம் இருந்தது. அந்த ஆண்டுதான் ஈபே அதை வாங்கியது. டிசம்பரில், எவனோ ஒருவன் விற்கக் கூடாத ஒரு காணொளியை அதில் விற்பனைக்குப் போட்டான் என்று அந்தத் தளத்தின் தலைமை அதிகாரியைக் கைது செய்தார்கள். எவனோ போஸ்டர் ஒட்டியதற்குச் சுவரைக் கைது செய்வதா என்று ஒரு சத்தம் எழுந்தது. நியாயமான சத்தம்தான். அவர் உச்ச நீதிமன்றம் வரை போய் விடுபட்டார். இதற்கிடையில் 2008-இல் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தைத் திருத்தி, 79-ஆம் பிரிவில் இடையில் நிற்பவருக்குப் பெரிய குடையாகப் பிடித்தார்கள். யாரோ போடுவதற்கு நடுவில் இருக்கிறவர் பொறுப்பல்ல, சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு.

அன்றிலிருந்து இவர்களுக்கு இரண்டு வேஷம். போலீஸ் வந்தால், கோர்ட் வந்தால், 'ஐயா, நாங்க வெறும் சுவரு. எவனோ வந்து ஒட்டிட்டுப் போறான்' என்று நிற்பார்கள். அதே சுவர் நம்மைப் பார்த்ததும் மீசையை முறுக்கிக்கொண்டு, 'நான் இருக்கும்போது உனக்கு என்ன பயம்? 175 ரூபாய் எடு' என்கிறது. சுவர் என்றால் சுவராக இரு. காவல்காரன் என்றால் களவு போனால் பதில் சொல். இரண்டு சம்பளமும் ஒரே ஆளுக்கு எந்த ஊர் நியாயம்? அதிலும் பயம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். எதிராளியின் குரலைக் கேட்க விடாமல், ஊரைக் கேட்க விடாமல், பின்கோட்டைக்கூடப் பார்க்க விடாமல் கண்ணைக் கட்டியது அவர்கள். கண்ணைக் கட்டிவிட்டு, இருட்டாக இருக்கிறதே, கைப்பிடித்துக் கூட்டிப் போகக் கூலி என்கிறார்கள்.

சட்டம் இல்லையா என்று படித்த நண்பர்கள் கேட்பார்கள். இருக்கிறது. 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பதின்மூன்று வகைச் சூழ்ச்சிகளைப் பட்டியல் போட்டுத் தடை செய்தது. விலையைச் சொட்டுச் சொட்டாகக் கூட்டுவது, கூடையில் நமக்குத் தெரியாமல் ஒன்றைத் திணிப்பது, இன்னும் இரண்டு பேர் இதையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அவசரப்படுத்துவது எல்லாம் அதில் அடக்கம். அருமையான பட்டியல். படித்துப் பார்த்தால் செயலி நடத்துகிறவர்களுக்கு நல்ல பாடப்புத்தகம் மாதிரி இருக்கிறது. விட்டுப்போன வகை ஏதாவது இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளலாம் அல்லவா? கையில் காசு கொடுத்து வாங்கினால் தனிக் கட்டணம் என்று சில தளங்கள் பிடுங்கியபோது, 2025 அக்டோபரில் மத்திய அமைச்சர் பிரல்ஹாத் ஜோஷி விசாரணை நடக்கிறது என்றார். விசாரிக்கட்டும். அதற்குள் எனக்கு 14 பைசாவுக்கு வட்டி ஏறாமல் இருக்க வேண்டும்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்று மனதில் கொஞ்ச நேரம் வீரம் வந்தது. ஐந்து லட்சம் ரூபாய் வரைக்குமான வழக்குக்கு அங்கே கட்டணமே கிடையாது. அதைப் படித்தபோது கண் கலங்கிவிட்டது. இந்த நாட்டில் கட்டணம் இல்லாத ஒரு கதவு! ஆனால் அது திருவள்ளூரில் இருக்கிறது. போய்வரப் பஸ் காசு, ஒரு நாள் வேலைக்கு லீவு, ஜெராக்ஸ், மத்தியானச் சாப்பாடு. ஒரு வாய்தாவிலேயே 263 ரூபாய் கரைந்துவிடும். அப்புறம் எத்தனை வாய்தா என்று பவானி அம்மனுக்குத்தான் தெரியும்.

அப்போதுதான் இந்த விலையை எந்த மூளை நிர்ணயித்தது என்று புரிந்து, உச்சந்தலை வரைக்கும் சூடேறியது. 263 என்பது பொருளுக்கான சதவீதம் அல்ல. என் கோபத்துக்குப் போட்ட விலை. இந்த ஆள் எவ்வளவு போனால் பஸ் ஏறுவான் என்று கணக்குப் போட்டு, அதற்கு நூல் அளவு கீழே வைத்திருக்கிறார்கள். ஆயிரம் பிடித்திருந்தால் சட்டையைப் பிடிக்கப் போயிருப்பேன். 263-க்குப் பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டில் இருப்பேன் என்று எங்கோ ஏசி ரூமில் உட்கார்ந்து என்னை எடை போட்டிருக்கிறார்கள். எடை சரியாகவும் இருந்துவிட்டது. எனக்கு வெட்கமாக இருந்தது அதுதான். திருடு போனதைவிட, திருடன் நம்மைச் சரியாகப் புரிந்துவைத்திருக்கிறான் என்பது உறைத்தது.

தங்கை மகளுக்கு மிஷின் கிடைத்துவிட்டது. இரண்டு தெரு தள்ளி, டீக்கடையில் ஒருவர் சொன்னார், ஒரு வீட்டில் பரணுக்குக் கீழே கிடக்கிறது என்று. கூட வந்து காட்டினார். 3,000 என்று முடித்தோம். சொன்னவர் தலையைச் சொறிந்தார். 50 ரூபாய் கொடுத்தேன், அதில் எண்ணெய்ப் புட்டி வாங்கி வந்து அவரே சக்கரத்துக்கு விட்டு ஓட்டிக் காட்டினார். ஊசி வளைந்திருக்கிறது என்று விற்ற அம்மாள் தானாகவே சொல்லி, இரண்டு ஊசி சும்மா கொடுத்தாள். இதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பெல்ட் அடுத்த வாரமே அறுந்துபோனது.

செயலி மட்டும் என்னை மறக்கவில்லை. உங்கள் பாதுகாப்பு அனுபவம் எப்படி இருந்தது, மதிப்பிடுங்கள் என்று நாலு முறை மணியடித்தது. ஐந்தாவது முறை உட்கார்ந்து, ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்து, நடந்ததை நடந்தபடி நிதானமாகத் தமிழில் எழுதினேன். வசைச்சொல் ஒன்றுகூட இல்லை. 'வராத மிஷினுக்கு என்னிடம் 263.14 ரூபாய் எடுத்துக்கொண்டீர்கள். அதைத் திருப்பித் தாருங்கள்' என்று முடித்தேன். அடுத்த நிமிஷமே பதில் வந்தது. என் கருத்தில் தொடர்பு எண் போன்ற விவரம் இருப்பதால், என் பாதுகாப்பு கருதி அந்தப் பகுதியை மறைத்துவிட்டார்களாம். மீதியை வெளியிட்டிருந்தார்கள். போய்ப் பார்த்தேன்.

'வராத மிஷினுக்கு என்னிடம் ***.** ரூபாய் எடுத்துக்கொண்டீர்கள்.'

நான் ஒரு நட்சத்திரம்தான் கொடுத்திருந்தேன். அவர்கள் ஐந்து சேர்த்துக்கொண்டார்கள்.